கேஷுவாலிட்டி வாசலில் யார் முதலில்?

“நாங்க வந்து அரை மணி நேரமாச்சு. எங்களுக்கு அப்புறம் வந்தவரை உள்ள கூட்டிட்டுப் போறீங்க. இது என்ன நியாயம்?”

எந்த ஊர் கேஷுவாலிட்டி வாசலிலும் தினமும் கேட்கும் கேள்வி இது. ஜி.எச்.சிலும் கேட்கும், பெரிய தனியார் ஆஸ்பத்திரியிலும் கேட்கும். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இடம் எப்படி ஓடுகிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ரேஷன் கடை, பேங்க், ஓ.பி. எல்லாமே முதலில் வந்தவருக்கு முதலில் என்று பழகியவர்கள் நாம். கேஷுவாலிட்டியில் மட்டும் வந்த நேரத்துக்கு மதிப்பில்லை. யாரால் அடுத்த பத்து நிமிடம் தாங்க முடியாது என்பதுதான் அங்கே கணக்கு.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைக்கென்று தனித் திட்டம் வந்தபிறகு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் அடுத்து, பச்சை என்றால் காத்திருக்கலாம். தனியாரிலும் பெயர் மாறினாலும் முறை இதுதான். வாசலிலேயே ஒரு நர்ஸோ டியூட்டி டாக்டரோ பல்ஸ், பிரஷர், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, நினைவு, சுகர் பார்ப்பார். இரண்டு மூன்று நிமிட வேலை. இதில் கூட வந்தவர்கள் கண்டுகொள்ளாத விஷயம் மூச்சு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 30-ஐத் தாண்டினால், ஆள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் அவர் சிவப்புதான். எலும்பு முறிந்து “ஐயோ அம்மா” என்று ஊரைக் கூட்டுகிறவருக்கு வலி உண்மைதான், ஆனால் கத்த முடிகிறதென்றால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. ஓரமாக வியர்த்துப்போய், சத்தமே இல்லாமல் சுவரில் சாய்ந்திருப்பவரைத்தான் அனுபவமுள்ள சிஸ்டர் முதலில் போய்ப் பார்ப்பார்.

நிறம் ஒரு முறை கொடுத்ததோடு முடிவதில்லை, மாறும். மாறியதை முதலில் கவனிக்கப்போவது பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான். “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டால் “கொஞ்சம் வெயிட் பண்ணுங்க” என்றுதான் பதில் வரும். “வரும்போது நல்லா பேசிட்டிருந்தாரு, இப்ப கூப்பிட்டா கண்ணை மட்டும் திறக்கறாரு” என்று சொல்லிப் பாருங்கள், ஸ்ட்ரெச்சர் நகரும். புதிதாக வியர்வை, திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பமான பேச்சு, மூச்சு வாங்குவது, தூங்கித் தூங்கி விழுவது, இவையெல்லாம் உடனே எழுந்துபோய்ச் சொல்ல வேண்டியவை.

உள்ளே போனதும் ஐந்து பேர் சேர்ந்து பேசாதீர்கள். நோயாளியோடு கடைசியாக இருந்தவர் ஒருவர் பேசட்டும். என்ன ஆச்சு, மணிக்கணக்கில் எப்போது, ஏற்கெனவே என்ன நோய், என்ன மாத்திரை, எதற்காவது அலர்ஜி உண்டா, இங்கே வருமுன் என்ன கொடுத்தீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் மறைக்கப்படுவதுதான் அதிகம். தெருமுனை கிளினிக்கில் போட்ட ஊசி, பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை, கஷாயம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். யாராவது திட்டுவார்களோ என்று பார்க்க வேண்டாம்.

“சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடறாரு” என்பது போதாது. தலையில் அடிபட்டு வந்தவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால், ஸ்கேன் எடுக்கும் அவசரமே வேறு. வீட்டிலிருந்து கிளம்பும்போது மாத்திரை டப்பாவை அப்படியே பையில் கொட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு சின்ன சிக்கல்: மெடிக்கலில் ஐந்து மாத்திரை, நாலு மாத்திரை என்று வெட்டிக் கொடுத்த அட்டையில் பெயர் இருந்த முனை போயிருக்கும், வெள்ளித் தாளில் பாதிப் பெயர்தான் மிஞ்சும். டாக்டர் சீட்டை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

காத்திருக்கும் நேரத்தில் நோயாளிக்கு டீயோ காபியோ பிஸ்கட்டோ வாங்கிக் கொடுக்காதீர்கள். அவசர ஆபரேஷன் என்றால் மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். பால் கலந்த எதுவும் சாப்பாட்டுக் கணக்குதான், ஆறு மணி நேரம் தள்ளும். தண்ணீர்கூட சிஸ்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இனி, நேரமே மருந்தாகும் இரண்டு நோய்கள்.

பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எப்போதிலிருந்து நாலரை? இங்கேதான் பலர் தவறாகச் சொல்லி, தவறான முடிவுக்கு வழி செய்கிறார்கள். “காலைல ஆறு மணிக்கு எழுந்தப்ப கை வரல” என்றால் கணக்கு ஆறு மணியிலிருந்து தொடங்காது. கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்கும். இரவு பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் பத்து மணி. நடுவில் மூணு மணிக்கு எழுந்து பாத்ரூம் போய்வந்ததை யாராவது பார்த்திருந்தால், அந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றலாம். சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்துக்கு முதலில் போவது வீண். அடைப்பா ரத்தக்கசிவா என்று சி.டி. பார்க்காமல் தெரியாது. அதனால்தான் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது என்பது. கசிவாக இருந்தால் அது எதிரி.

நெஞ்சுவலி. வந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது விதி. இதை நீங்கள் கேட்டு வாங்கலாம், தப்பே இல்லை. முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்றதும் “கேஸ் ட்ரபிள்தான், வாங்க போலாம்” என்று கிளம்புவதுதான் ஆபத்து. மாரடைப்பில் ஈ.சி.ஜி. மாற்றம் கொஞ்ச நேரம் கழித்துத் தெரியலாம். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறவும் சில மணி நேரம் ஆகும். ஆகவே “இன்னொரு தடவை எடுக்கணும், இருங்க” என்பதை பில் ஏற்றும் வேலை என்று நினைக்காதீர்கள். சுகர் நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சுத்திணறலுமாக வருவதுண்டு. இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிவருகிறார்கள் பாருங்கள், அதை நிறுத்துங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் இதயம் நின்றால் பைக்கில் எதுவும் செய்ய முடியாது.

பாம்புக்கடியில்தான் சண்டை அதிகம் வருகிறது. “கடிச்சு வந்திருக்கோம், விஷமுறிவு ஊசி போடாம டியூப்ல ரத்தத்தை எடுத்து வெச்சுட்டு சும்மா உக்காந்திருக்காங்க.” சும்மா இல்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாக உறைந்திருந்தால் ரத்தம் சரி. தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் வேலையைத் தொடங்கிவிட்டது. அந்தக் குழாயைக் கையில் எடுத்து “என்னங்க இது” என்று ஆட்டிப் பார்த்தால் சோதனையே கெடும். பிளாஸ்டிக் குழாயும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் தப்பான முடிவைத்தான் காட்டும்.

எல்லோருக்கும் உடனே ஏன் போடுவதில்லை? விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து பிரஷர் விழும், மூச்சு இறுகும். பாம்பு கடித்தும் உடம்பில் விஷம் ஏறாத கடிகள் நிறைய உண்டு. அதனால் விஷத்தின் அறிகுறி தெரிந்தால்தான் போடுவார்கள். போட ஆரம்பித்தால் வழக்கமாகப் பத்து குப்பியிலிருந்து தொடக்கம். குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. (அந்த மருந்து தயாரிக்கக் குதிரைக்குச் செலுத்தும் விஷத்தில் பெரும்பங்கு சென்னை அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இந்தியா முழுக்கப் பிழைத்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?)

கட்டுவிரியன் தனி ரகம். கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, வலி இருக்காது, மேலே சொன்ன குழாய்ச் சோதனையும் நார்மலாகவே இருக்கும். இரவில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பது போலிருக்கிறது என்று எழுந்து, இமை தானாகச் சரிகிறதென்றால், பல் தடம் இல்லாவிட்டாலும் பாம்பை நினையுங்கள். “தூக்கக் கலக்கம்” என்று படுக்க வைத்தால் அடுத்து மூச்சுத் தசைகள் நிற்கும். கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், மெட்டி, கொலுசு கழற்றிவிட்டு, கை காலை அசைக்காமல் கூட்டிவாருங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், தூரத்திலிருந்து ஒரு போட்டோ போதும், அதுவும் கிடைத்தால்.

விரல் துண்டானால் அந்தத் துண்டை நேராக ஐஸில் போடக்கூடாது. உறைந்து செத்துவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீர் உள்ள இன்னொரு கவருக்குள் வைக்க வேண்டும். சென்னை ஸ்டான்லியில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே பெயர்பெற்ற துறை இருக்கிறது. ஆனால் துண்டு சரியாகப் போய்ச் சேர்ந்தால்தான் அவர்களுக்கும் வேலை.

“போலீஸ் கேஸ் ஆயிடும்” என்ற பயத்துக்கு வருவோம். விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம் என்று வந்தால் டியூட்டி டாக்டர் ஏ.ஆர். எழுதுவார். ஏ.ஆர். என்பது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். அதை எழுதி முடித்தபிறகுதான் சிகிச்சை என்று யாராவது சொன்னால் அது சட்டப்படி தவறு. உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது, மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவும் சம்பிரதாயங்களுக்குக் காத்திருக்காமல் சிகிச்சை தரச் சொல்கிறது. ரோட்டில் கிடந்தவரைத் தூக்கிவந்த மூன்றாம் மனிதருக்கு 2019-இல் சேர்த்த 134-ஏ பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஏ.ஆரில் உண்மையைச் சொல்லுங்கள். பைக் மோதியதை, “எதுக்குப் பிரச்சினை, மாடிப்படில விழுந்துட்டாருன்னு சொல்லிடு” என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்து நஷ்டஈடு வழக்கு போடுவார்கள். எதிர்த்தரப்பு இன்ஷூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். இடம், நேரம், வண்டி எண், யார் கொண்டுவந்தது, எல்லாம் முதல் பதிவிலேயே இருக்கட்டும்.

விஷம் குடித்தவர் விஷயத்திலும் இதேதான். “தெரியாம குடிச்சிட்டா” என்று மழுப்புவதில் நேரம் போகிறது. 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்க அல்ல. என்ன, எவ்வளவு, எப்போது என்பதைச் சொல்லி, பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள். பூச்சிமருந்து லேபிளில் விஷத்தின் கடுமையைக் காட்டும் முக்கோணத்தின் நிறமும் உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் டாக்டருக்குத் தேவை. உப்புக்கரைசல், சாணிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போய் இரண்டாவது நோயாகும்.

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். அடிபட்டவர் வெளிமாநிலத்துக்காரராக இருந்தாலும் செல்லும், விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். அட்வான்ஸ் கட்டுமுன் கவுண்டரில் இதைக் கேளுங்கள், அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

ரெஃபர் செய்தால் மூன்று கேள்வி: எந்த ஆஸ்பத்திரி, அங்கே பேசியாச்சா, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று சீட்டில் இருக்கிறதா. பேசாமல் அனுப்பினால் அங்கே போய் வென்டிலேட்டர் இல்லை, மறுபடி வேறிடம் என்று நோயாளி ஆம்புலன்ஸிலேயே சுற்றுவார்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒன்று. நிறம் பிரித்த கோட்டைத் தரையில் வரைகிறீர்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று வாசலில் தமிழில் நாலு வரி எழுதி வைப்பதில்லை. வார்டில் பெட் கிடைக்காமல் கேஷுவாலிட்டியிலேயே எட்டு மணி நேரம் கிடப்பவரின் மகனிடம், “மேல பெட் காலியாகல, நாங்க இங்கயே பார்த்துட்டுதான் இருக்கோம்” என்று அரை மணிக்கொரு தரம் யாராவது வந்து சொன்னால், பாதிச் சண்டை நடக்காது. டாக்டர், நர்ஸ் மீதான தாக்குதலைத் தடுக்க 2008-லிருந்து தனிச்சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்தின் போர்டு மட்டும் எல்லா வாசலிலும் பளிச்சென்று தொங்குகிறது.

கடைசியாக, வீட்டுக்குக் கிளம்பும் நேரம். சுகர் குறைந்து மயங்கி வந்தவர் குளுக்கோஸ் ஏற்றியதும் பத்தே நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து “எனக்கு ஒண்ணுமில்ல, போலாம்” என்பார். வீட்டாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப்போகத் தயாராவார்கள். அவர் சாப்பிட்டது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை என்றால் அதன் வேலை இன்னும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, கிட்னி பழுதானவர் என்றால் இன்னும் நீளும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும், ராத்திரி ரெண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கும்போது, சுகர் மறுபடி இறங்கும். ஒரு நாள் இருக்கச் சொன்னால் இருந்துவிட்டுப் போங்கள்.