ஆமாம், அந்த சிப்ஸ் பாக்கெட் சார் நான்தான்

மூன்று நாளாகத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் எனக்கு சிப்ஸ் பாக்கெட் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். நன்றி. காலி பாக்கெட், ஊதின பாக்கெட், ஹெட்போன் மாட்டிய பாக்கெட். ஒருவர் மெனக்கெட்டு எனக்கு மீசை வரைந்து பாக்கெட்டுக்குள்ளேயே உட்காரவைத்திருக்கிறார். கைவேலை நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த நேரலையில் நடந்ததை மறுபடி விவரிக்கப்போவதில்லை. பார்த்திருப்பீர்கள். முழுதாக இல்லை, அந்த நாற்பது விநாடித் துண்டை. பிள்ளைகள் தங்குகிற விடுதியின் வராந்தாவில் மாட்டப்போகிற கேமராவைப் பற்றிய பேச்சு. "இதில் மைக்கே கிடையாது, அப்புறம் என்ன ஒட்டுக்கேட்பு பயம்?" என்று எதிரே இருந்த நண்பர் கேட்டார். மைக் இல்லை என்பது ஒரு பதிலே இல்லை, சிப்ஸ் பாக்கெட் அதிர்வதைப் படம் பிடித்தே பேச்சை எடுத்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். "சார் நிறைய படம் பார்ப்பார் போல" என்றார். நிகழ்ச்சியை நடத்தியவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு துண்டு முடிகிறது. அதற்குப் பிறகு நான் பேசிய ஆறு நிமிடத்தை வெட்டிப் போட ஒருவருக்கும் நேரமில்லை.

சரி. இங்கே யாரும் குறுக்கே சிரிக்க முடியாது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அதிர்வது எதுவோ அதுதான் மைக். பெட்டியின் மேல் கேமரா என்று எழுதியிருக்கலாம், விளக்கு என்று எழுதியிருக்கலாம். அது விற்பவர் வைத்த பெயர். சென்சாருக்கு அந்தப் பெயர் தெரியாது.

முதலில் பாக்கெட் விஷயத்தை முடித்துவிடுகிறேன். 2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மைக்ரோசாஃப்ட், அடோபி ஆட்களோடு சேர்ந்து செய்த வேலை அது. தரையில் ஒரு சிப்ஸ் பாக்கெட் கிடக்கிறது. ஒலி புகாத கண்ணாடிக்கு இந்தப் பக்கம், 15 அடி தள்ளி ஓர் அதிவேகக் கேமரா. அந்தப் பக்கம் ஒருவர் பேசுகிறார். பேச்சு காற்றை அசைக்க, காற்று பாக்கெட்டை அசைக்கிறது. எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு, ஏறக்குறைய அவ்வளவு. கண்ணுக்குப் பாக்கெட் சும்மாதான் கிடக்கிறது. ஆனால் படத்தில் ஒவ்வொரு விளிம்பிலும் பிக்சல்களின் நிறம் இம்மியளவு மாறுகிறது. அந்த இம்மிகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் பேசியவர் குரல் வருகிறது. செடியின் இலையிலும் செய்தார்கள், தம்ளர் தண்ணீரின் மேற்பரப்பிலும் செய்தார்கள். பாக்கெட் மட்டும்தான் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது.

"அப்படியானால் விடுதி கேமராவும் கேட்குமா?" கேட்காது. எழுத்தில் சொல்கிறேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்: கேட்காது. மனிதக் குரலின் அடிப்படைச் சுருதியே விநாடிக்கு நூறு, இருநூறு அதிர்வு. அதைப் பிடிக்க அதன் இருமடங்கு வேகத்திலாவது படம் எடுக்க வேண்டும். எம்.ஐ.டி. ஆட்கள் விநாடிக்கு 2,000 முதல் 6,000 ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம், எடுத்தார்கள். வராந்தா கேமரா எடுப்பது 25 அல்லது 30. அதையும் கசக்கிப் பிழிந்து சேமிக்கும். அதில் குரல் தேடுவது வெறும் வேலை. இதை நேரலையிலேயே சொன்னேன், காணாமல் போன ஆறு நிமிடத்தில் அது இருக்கிறது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு. சாதாரண 60 ஃபிரேம் கேமராவையும் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான கேமராக்கள் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வரும். ரோலிங் ஷட்டர் என்பார்கள். ஓடுகிற மின்விசிறியைப் படம் எடுத்தால் இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரியுமே, அதற்கு இதுதான் காரணம். நாம் குறை என்று நினைக்கிற அதே விஷயம், ஒரு ஃபிரேமுக்குள்ளேயே பல நூறு தருணங்களை ஒளித்துவைத்திருக்கிறது. அதிலிருந்து, முழுப் பேச்சு இல்லாவிட்டாலும், பேசுவது ஆணா பெண்ணா, எத்தனை பேர் என்று ஊகிக்கிற அளவுக்கு ஒலியை எடுக்கலாம் என்று காட்டினார்கள். "மைக் இல்லை" என்பவரிடம் நான் கேட்க நினைத்த கேள்வி அதனால் வேறு. படம் எந்த வேகத்தில், எவ்வளவு நாள், யாரிடம் இருக்கும்? அதைக் கேட்க விடவில்லை. படம் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார்கள்.

படம் பார்த்து வந்த விஷயமா இது? 1945 ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதருக்கு ஒரு மரச் சிற்பம் பரிசளித்தார்கள். அமெரிக்க அரசு முத்திரை, அழகாகச் செதுக்கியது. அவரும் அதைத் தன் மாளிகையில் மாட்டிக்கொண்டார். உள்ளே ஒரு சிறிய உலோகக் குழி, அதன் வாயில் மெல்லிய தகடு, ஒரு சிறு ஆன்டெனா. அவ்வளவுதான். பேட்டரி இல்லை, கம்பி இல்லை, சுவிட்ச் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையை அதன்மேல் பாய்ச்சுவார்கள். அறையில் பேசும்போது தகடு அதிரும், திரும்பி வரும் அலை அதற்கேற்ப மாறும். அலையை நிறுத்தினால் அது வெறும் மரம். எத்தனை சோதனை செய்தாலும் அகப்படாது. 1952இல்தான் கண்டுபிடித்தார்கள், ஏழு வருடம் கழித்து. செய்தவர் லியோன் தெரெமின். கையால் தொடாமலே வாசிக்கிற இசைக்கருவி ஒன்று அவர் பெயரில் இருக்கிறதே, அதே தெரெமின். அந்தப் பெட்டியின் மேல் என்ன பெயர் எழுதியிருந்தது? நட்புப் பரிசு.

2020இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆட்கள் 25 மீட்டர் தொலைவிலிருந்து தொலைநோக்கியும் ஒளி சென்சாரும் வைத்து, ஓர் அறையில் தொங்குகிற பல்பு சத்தத்துக்கு அதிர்ந்து வெளிச்சம் மினுங்குவதிலிருந்து பேச்சையும் பாட்டையும் எடுத்தார்கள். (உள்ளே சத்தம் அதிகமாகத்தான் வைத்திருந்தார்கள். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு மீம் வரும்.) 2014இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், போன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்கிற கைரோஸ்கோப் பேச்சின் அதிர்வையும் வாங்குகிறது என்று காட்டினார்கள். அதைப் பயன்படுத்த அன்றைக்கு எந்தச் செயலியும் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. நீங்கள் மைக்குக்கு "வேண்டாம்" என்று அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்தீர்கள்.

எனக்குப் பிடித்தது 2019இல் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினரும் டோக்கியோ ஆய்வாளர்களும் லேசர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, குரலுக்குக் கீழ்ப்படியும் ஸ்பீக்கரின் மைக் துளையில் அடித்தார்கள். 110 மீட்டர் தள்ளியிருந்து. சத்தமே இல்லை. மைக் அதைக் குரல் என்று நினைத்துக்கொண்டு சொன்னதைச் செய்தது. அதாவது கேமராவுக்குக் காது கேட்கிறது, மைக்குக்குக் கண் தெரிகிறது. இதற்குப் பிறகும் பெட்டியின் பெயரைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள்.

என் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு "தெர்மல் கேமரா சுவரைத் தாண்டிப் பார்க்கும் சார், விடாதீங்க" என்று எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்க்காது. சுவர் கிடக்கட்டும், ஜன்னல் கண்ணாடியையே தாண்டாது. கண்ணாடி அந்த வெப்பக் கதிர்களுக்குக் கறுப்புத் திரை மாதிரி. சுவரின் வெளிப்பக்கம் எவ்வளவு சூடு என்பதைத்தான் காட்டும். ஆனால் அதுவே போதும் என்பதுதான் கதை. அமெரிக்காவில் கைலோ என்பவர் வீட்டைத் தெருவிலிருந்து தெர்மல் கருவியால் பார்த்து, கூரையும் ஒரு சுவரும் அக்கம்பக்கத்தை விடச் சூடாக இருப்பதை வைத்து, உள்ளே விளக்கு போட்டுக் கஞ்சா வளர்க்கிறார் என்று போலீஸ் போய்ப் பிடித்தது. வளர்க்கத்தான் செய்தார். ஆனாலும் 2001இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது: வாரன்ட் இல்லாமல் அப்படிப் பார்த்தது சட்டவிரோதம். சுவரில் தெரிகிற சூட்டை வைத்து ஒரு வீட்டுப் பெண் இரவில் எத்தனை மணிக்குக் குளிக்கிறாள் என்றுகூடக் கண்டுகொள்ளலாமே என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நீதிபதிகளுக்கு அது புரிந்தது. அவர்களைப் பார்த்து யாரும் படம் பார்க்கிறீர்களா என்று கேட்டதாகத் தெரியவில்லை.

"உங்களை யார் சார் ஒட்டுக்கேட்கப்போகிறார்கள், நீங்கள் அவ்வளவு பெரிய ஆளா?" இல்லை. விடுதியில் இருக்கிற பிள்ளைகளும் பெரிய ஆள் இல்லை. அதனால்தான் அவர்களிடம் கேட்காமலே மாட்டுகிறார்கள்.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" இதற்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. உங்கள் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா இல்லையா? அடுத்தது.

"இதே சென்சார் தொழிலில்தானே நீங்கள் சம்பாதிக்கிறீர்கள்?" இதைக் கேட்டவர் பலகாலப் பழக்கம். வலித்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆமாம், 19 வருடமாக இதே தொழில்தான். இந்தத் தொழில் எனக்குப் பிடிக்கும், அது உங்களுக்குப் புரியவில்லை என்பதுதான் என் வருத்தமே. 2017 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி 44 பேரோடு காணாமல் போனது. ரகசிய அணுகுண்டுச் சோதனை எங்காவது நடக்கிறதா என்று கேட்பதற்காகக் கடலுக்குள் போட்டிருந்த ஹைட்ரோஃபோன்கள், அதாவது நீருக்கடி மைக்குகள், அட்லாண்டிக்கில் அசென்ஷன் தீவருகே ஒன்று, இந்தியப் பெருங்கடலின் தெற்கே குரோசே தீவுகளருகே ஒன்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்து அந்தக் கடைசிச் சத்தத்தை வாங்கி வைத்திருந்தன. ஒரு வருடம் கழித்து, 900 மீட்டர் ஆழத்தில், அவை காட்டிய பக்கத்தில்தான் கப்பல் கிடைத்தது. அந்தச் சத்தத்தின் வரைபடத்தை முதலில் பார்த்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. நான் சென்சாருக்கு எதிரி இல்லை ஐயா. அணுகுண்டுக்காகப் போட்ட காது, கேட்கச் சொல்லாததையும் கேட்டது. அந்த முறை அது நல்லதாகப் போனது.

எல்லா முறையும் போகாது. எனக்குத் தெரியும். இதை இங்கே எழுத நினைக்கவில்லை, ஆனால் எழுதுகிறேன்.

பல வருடம் முன்பு, ஒரு ஆலையில் மோட்டாரின் அதிர்வை அளக்கப் போயிருந்தேன். பெல்ட் மூடியின் மேல் ஆக்சிலரோமீட்டரை, அதாவது அதிர்வுமானியை, தேன்மெழுகு வைத்து ஒட்டியிருந்தேன். சுண்டுவிரல் நுனி அளவு, குண்டூசி விழுகிற அதிர்வையும் கணக்கில் வைக்கிற சாதி. சாப்பாட்டு நேரம், மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். கேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹெட்போனை மாட்டினேன். பேச்சுக் குரல் கேட்டது. கொஞ்சம் தகரத்துக்குள் பேசுவது போல, ஆனால் வார்த்தை வார்த்தையாக. மூடிக்கு அந்தப் பக்கம் என் கூட வந்தவர் இருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அகலமான மெல்லிய தகடு, தவில் தோல் மாதிரி அவர்கள் பேச்சுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள். அவர்கள் பார்த்துத்தான் இருப்பார்கள். பக்கத்தில் யாரும் இல்லை, ஒரு தகரம்தான் இருந்தது.

பேச்சு என்னைப் பற்றி. என்ன பேசினார்கள் என்று இங்கே சொல்லமாட்டேன். என் வேலையைப் பற்றிக் கொஞ்சம், என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம்.

ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும். மெழுகைச் சுரண்டி சென்சாரை எடுத்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். அவர்கள் கை கழுவ எழுந்து போகும்வரை கேட்டேன். அப்புறம் மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு அளவெடுத்தேன், ஒன்றும் நடக்காத மாதிரி.

நான் அப்படி ஒன்றும் மோசமான ஆள் இல்லை. அதனால்தான் சொல்கிறேன். ஒட்டுக்கேட்கப் போகவில்லை, ஒட்டுக்கேட்கும் கருவியும் எடுத்துப்போகவில்லை. பெட்டியில் அதிர்வுமானி என்றுதான் எழுதியிருந்தது. காதில் விழுந்தது, கையில் ஹெட்போன் இருந்தது, கேட்டேன். வராந்தா கேமராவின் முன்னால் ராத்திரி தனியாக உட்காரப்போகிறவர் என்னை விட யோக்கியராக இருப்பார் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறீர்கள்?

அந்த இருவரிடமும் இன்றுவரை நான் இதைச் சொன்னதில்லை. ஒருவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொருவர் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். அந்த நாற்பது விநாடித் துண்டை எனக்கு முதலில் அனுப்பியவர் அவர்தான். "நம்ம ஆளா இது?" என்று கேட்டு நான்கு சிரிப்பு முகம். திறந்து பார்த்தேன், நீல டிக் போயிருக்கும். இன்னும் பதில் போடவில்லை.