எங்கள் வீட்டில் மாடு இல்லை

நான் போஸ்ட் போட்ட அந்தக் காலிஃபிளவர் தண்டு சூப் படத்தைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதுவதில்லை என்று நேற்று ராத்திரி வரை உறுதியாகத்தான் இருந்தேன். நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்கும் ஸ்க்ரீன்ஷாட் வீடு தேடி வந்திருக்கும். "எங்க வீட்ல இதையெல்லாம் மாட்டுக்குப் போடுவோம்" என்று படத்துக்குக் கீழே கமென்ட்டில் ஒரு வரி, பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூன்று முகங்கள். அந்த வரிக்கு விழுந்த லைக்கில் பாதிகூட என் சூப்புக்கு விழவில்லை. எழுதியது முகம் தெரியாத யாரோ என்றால், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

எழுதியவர் என் தோழி, எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். நேற்றுமுன்தினம் வரை 'அவள்' என்றுதான் எழுதியிருப்பேன், இப்போது கை தானாக 'அவர்' என்று எழுதுகிறது. அவர் சாப்பிட்டதும் இதே சூப்தான். மிளகுத்தூளைத் தாமே தூவிக்கொண்டு இரண்டாவது கிண்ணமும் வாங்கிக் குடித்தார். "கிரீம் எவ்வளவுடி ஊத்தின?" என்று கேட்டார். ஒரு சொட்டு கிரீம் கிடையாது. தண்டை வேகவைத்து அரைத்தால் அதுவே அப்படித் திரண்டு வரும். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நான் சிரித்து மழுப்பினேன். ஏன் மழுப்பினேன் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒன்று. நான் சமைத்தது குப்பை இல்லை, மிச்சம். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருப்பதே கொடுமை, இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன். வாய் வைத்தது எச்சில். வெளியே வீசியது குப்பை. இன்னும் நம் கையில் இருப்பது மிச்சம். செலவு போகக் காசு சேர்ந்தால் 'மிச்சம் பிடித்தேன்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோமே, அதே மிச்சம்தான் இதுவும். பர்ஸில் மிஞ்சினால் சாமர்த்தியம், பாத்திரத்தில் மிஞ்சினால் கேவலமா?

அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று ஒருவராவது கேட்டீர்களா? ஒரு காலிஃபிளவரைக் கையில் தூக்கிப் பாருங்கள். பூவைச் சுற்றியிருக்கும் இலையும் அடித்தண்டும் என்ன கனம் கனக்கிறது என்று தெரியும். தராசில் ஏறும்போது அதுவும் காய்தான், அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். வீட்டு வாசலைத் தாண்டியதும் மாட்டுத்தீனி ஆகிவிடுகிறது! தண்டின் வெளித்தோல் நாராக இருக்கும், அதைக் கத்தியால் கொஞ்சம் தடிமனாகவே சீவிவிட வேண்டும். உள்ளே வெளிர்பச்சையில் ஈரமாக ஒரு குருத்து வரும். அதில் ஒரு துண்டை உப்பு தொட்டுப் பச்சையாகவே தின்று பார்த்துவிட்டு அப்புறம் என்னைக் கிண்டல் செய்யுங்கள். இலையின் நடுநரம்பை மெல்லிசாக நறுக்கித் தண்டோடு போட வேண்டும். வெங்காயம், பூண்டு, திரட்சிக்கு ஒரு உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: கோஸ், காலிஃபிளவர் வகையறாவை வெந்த பிறகும் கொதிக்க விட்டால் கந்தக வாடை கிளம்பி வீட்டையே தூக்கும். வெந்ததும் இறக்கிவிடுங்கள். பச்சை இலைகளைத் தனியாக எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து மேலே போட்டிருந்தேன். "அது என்ன கருகின பேப்பரா?" என்று கேட்ட அன்பருக்கு: ஆமாம், உங்கள் கமென்ட்டைத்தான் பிரின்ட் எடுத்து வறுத்தேன்.

சரி, நிதானமாகப் பேசுவோம் என்று உட்கார்ந்தேன், நிதானமாகவே பேசுகிறேன்.

"வசதிதான் இருக்கே, எதுக்கு இந்தக் கஞ்சத்தனம்?" என்பது முதல் கேள்வி. கஞ்சத்தனம் என்றால் அடுத்தவருக்குக் கொடுக்க மனம் வராதது. நான் யாருக்குக் கொடுக்காமல் ஒளித்து வைத்தேன்? கிண்ணம் கிண்ணமாக ஊற்றித்தானே கொடுத்தேன், கேள்வி கேட்டவரையும் சேர்த்து. வாங்கியதில் பாதியை எறிவதற்குத் தாராளம் என்று யார் பெயர் வைத்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

"தோலில்தான் பூச்சிமருந்து இருக்கும்" என்கிறார்கள். கழுவுங்கள். அந்தப் பூவை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளா வளர்த்தார்கள்?

"கெட்டுப்போனதைத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" இது நியாயமான கேள்வி, ஆனால் தப்பான ஆளிடம் கேட்கிறீர்கள். எறிகிறவர்களுக்கு எது கெட்டது, எது கெடாதது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எல்லாவற்றையும் எறிந்துவிடலாம். மிச்சம் பிடிக்கிறவளுக்குத்தான் அது அத்துப்படியாக இருக்க வேண்டும். ரொட்டியில் ஒரு மூலையில் பூஞ்சணம் தெரிந்தால் அந்த மூலையை மட்டும் பிய்த்துவிட்டு நான் சாப்பிட மாட்டேன். ரொட்டி மெத்தென்று இருப்பதால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும், முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். கெட்டியான சீஸ் என்றால் பூஞ்சணத்தைச் சுற்றி ஓர் அங்குலம் தள்ளி வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாம். உருளைக்கிழங்குத் தோலை உப்பு, எண்ணெய் பிசிறி மொறுமொறுப்பாக்குவேன், ஆனால் பச்சை ஏறிய தோலையும் முளையையும் தொட மாட்டேன். அதில் சோலனின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கும், வேகவைத்தாலும் போகாது. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்று போட்டிருந்தால் அது பாதுகாப்புக்கான கெடு, மீற மாட்டேன். 'இந்தத் தேதிவரை சிறந்தது' என்பது சுவைக்கும் மொறுமொறுப்புக்கும் சொன்னது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டைக் குப்பையில் போடுகிறவர்கள் எனக்குச் சுகாதாரப் பாடம் எடுக்கிறார்கள்.

சோற்று விஷயத்தில் மட்டும் ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன், ஒளிக்கவில்லை. அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், சோறு வெந்தாலும் அவை சாகாது. வெந்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியைக் கிளப்பும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. இது தெரியாத வயதில், ராத்திரி முழுக்க அடுப்பு மேடையிலேயே கிடந்த சோற்றைக் காலையில் வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, அன்று சாயங்காலம் வரை பாத்ரூமிலேயே குடித்தனம் நடத்தினேன். அது மிச்சத்தின் தப்பு இல்லை, என் சோம்பேறித்தனத்தின் தப்பு. இப்போதெல்லாம் 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். (பெரிய பாத்திரத்தோடு அப்படியே வைக்காதீர்கள், நடுவில் ஆறவே ஆறாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு எடுத்து வையுங்கள்.)

"நீ ஒருத்தி தண்டைத் தின்றால் உலகம் மாறிடுமா?" மாறாது. ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022 என்ற ஒரே வருடத்தில் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான உணவு 105 கோடி டன். தின்ன முடியாத எலும்பும் கொட்டையும் அதில் சேர்த்திதான், இதைச் சொல்லாவிட்டால் அதற்கு ஒருவர் கிளம்பி வருவார். அந்த 105 கோடியில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. பெரிய ஹோட்டல்களும் கல்யாண விருந்துகளும்தான் எல்லாவற்றையும் பாழாக்குகின்றன என்று சொல்லிக்கொண்டு நாம் தப்பிக்க முடியாது. பாதிக்கு மேல் நம் வீட்டுச் சமையலறைகளிலிருந்துதான் போகிறது.

இதையே வேறொரு இடத்தில் செய்தால் மரியாதை. காய்ந்துபோன ரொட்டியைப் பால், முட்டையில் ஊறவைத்து வாட்டுவதற்கு பிரெஞ்சில் 'தொலைந்த ரொட்டி' என்று பெயர். ஓட்டலில் வெள்ளைத் தட்டில் வந்தால் முதலில் படம், அப்புறம் முள்கரண்டி. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து ஆரோக்கிய பானம் என்றால் வரிசையில் நிற்கிறோம். நான் ஃபிரீசரில் ஒரு டப்பா வைத்து, கேரட் நுனி, காளான் காம்பு, கொத்தமல்லித் தண்டு, கோழி எலும்பு என்று சேர்த்து, டப்பா நிறைந்ததும் கொதிக்கவைத்து வடிகட்டினால் அது மாட்டுத்தீனி. (மாடு கோழி எலும்பைத் தின்னாது என்ற விவரம்கூட யாருக்கும் உறைக்கவில்லை.)

ஒரு கமென்ட்டுக்கு மட்டும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "இல்லாதவங்களுக்கு இது வழியில்லாமல் தின்பது, உங்களுக்குப் பொழுதுபோக்கு. வறுமையை அழகாக்காதீர்கள்" என்று ஒருவர் நாகரிகமாகவே எழுதியிருந்தார். அவருடைய கோபத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் என்னை எந்தப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பேசுகிறார் என்றுதான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

என் அம்மா இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்த்தாள். ஒரு வீட்டில் காய் நறுக்கிய பிறகு இலை, தண்டு, முற்றிய பகுதி எல்லாவற்றையும் ஒரு முறத்தில் ஒதுக்கிவிடுவாள். கிளம்பும்போது கேட்பாள், "இதை எடுத்துக்கட்டுமாக்கா?" அந்த வீட்டம்மா கெட்டவர் இல்லை. "மாட்டுக்கா?" என்று கேட்பார். அம்மா "ஆமாக்கா" என்பாள்.

எங்கள் வீட்டில் மாடு இல்லை. மாடு கட்ட இடமும் இல்லை.

லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். ஒருமுறை அந்த அம்மா என்னிடம் குனிந்து, "உங்க மாடு கன்னு போட்டாச்சா?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. "போட்டாச்சு" என்றேன். "என்ன கன்னு?" "கிடேரி." வரும் வழியெல்லாம் அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, முட்டைக்கோஸ் தண்டைத் தோல் சீவி, ஒரு துண்டை என் வாயில் ஊட்டிவிட்டு, "நல்லாத்தான் பொய் சொல்ற" என்றாள். அன்று ராத்திரி சாப்பிட்ட பொரியலில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அது வறுமை என்பதே வேறு வீடுகளில் சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

இதை எழுதி அனுதாபம் தேடவில்லை. தேடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே புரியாமல் மூன்று முகங்களைச் சிரிக்க வைத்த அந்த வரியைப் படித்தபோது எனக்கு என் சூப் ஞாபகம் வரவில்லை, அந்த முறம்தான் ஞாபகம் வந்தது. அவருக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார் என்று ஒரு மனசு சொல்கிறது. தெரிந்தால்தான் ஒருவரை மனுஷியாக மதிக்க வேண்டுமா என்று இன்னொரு மனசு கேட்கிறது.

நேற்று ராத்திரி என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார், "அந்தப் போஸ்ட்டை எடுத்துடேன். ஆபீஸ்ல எல்லாரும் பாத்திருக்காங்க." அவர் மேல் தப்பில்லை. அந்தச் சூப்பை வாரத்தில் இரண்டு நாள் குடிக்கிறவர்தான். குடிக்கும்போது வராத கூச்சம் ஆபீஸில் வந்திருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை. பதிவை எடுக்கவும் இல்லை.

கூச்சத்தைப் பற்றிப் பேச எனக்கு மட்டும் என்ன யோக்கியதை என்று கேட்டால், அதுவும் சரிதான். நான் காய் வாங்கும் கடையில் காலிஃபிளவரின் இலை, தண்டை வெட்டி ஒரு கூடையில் போட்டு வைப்பார்கள். வாரா வாரம் அதிலிருந்து ஒரு பை எடுத்து வருவேன். கடைக்காரத் தம்பி ஆரம்பத்திலேயே ஒருமுறை கேட்டார், "மாட்டுக்காக்கா?" நான் "ஆமாம்பா" என்றேன். இத்தனை வருஷம் கழித்து, ஏசி காரை வெளியே நிறுத்திவிட்டு, யோசிக்காமல் அதே வார்த்தை வந்தது. தோழியிடம் கிரீம் பற்றி மழுப்பியதும் அதே வாய்தான்.

இன்று காலையும் கடைக்குப் போனேன். அவர் பையை விரித்துக்கொண்டே, "மாடு நல்லா இருக்காக்கா?" என்றார்.

"மாடெல்லாம் இல்ல தம்பி. இது எங்களுக்குத்தான், சூப் வைக்க."

அவர் கை ஒரு நொடி நின்றது. பைக்குள் போட்டிருந்த தண்டுகளைத் திரும்ப வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அழுகலாக இருந்த ஒன்றை ஓரமாக வைத்தார்.

"இது கொஞ்சம் முத்தலா இருக்கேக்கா, பரவாயில்லையா?"

"பரவாயில்ல, தோலைச் சீவிட்டா சரியாயிடும்" என்றேன்.