“என்ன காடிண்ணே?”

பிரேக் ஹோஸ் வாங்க வந்தவனிடம் அது எந்தக் காருக்கு என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் வெடிப்பு விட்ட பழைய ஹோஸைக் கழற்றி, கழுவித் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கடைக்காரரின் மேசையில் வைத்து, “தம்பி, இதே நீளம், இதே மரை, எந்தக் காருக்குச் செய்ததாக இருந்தாலும் பரவாயில்லை” என்று சொன்ன பிறகும், பையைத் திறந்துகூடப் பார்க்காமல், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “என்ன காடிண்ணே? என்ன மாடல்? என்ன வருஷம்?” என்று நான்காவது முறையாக ஒருவர் கேட்டால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. அவருடைய முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஹோஸ்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. ஒன்றை எடுத்து என் ஹோஸோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா?

சரி, கேட்கிறாரே என்று சொன்னேன். மோரிஸ் மைனர், 1959. திரையில் இல்லை. டாட்சன் 120ஒய் என்று போட்டுப் பாருங்கள் என்றேன். அதுவும் இல்லை. “ஸ்டாக் இல்லண்ணே” என்றார். ஹோஸ் இல்லையா, திரையில் பெயர் இல்லையா என்று கேட்க வாய் வந்தது. பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றதால் விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பட்டர்வொர்த்திலும் பினாங்குத் தீவிலுமாக அந்த மாதத்தில் நான் ஏறி இறங்கிய ஐந்தாவது கடை அது.

என் காருக்கு மாடல் கிடையாது. 1932இல் ஃபோர்டு நிறுவனம் மலிவு விலையில் விட்ட வி8 கார்களை வாங்கி, வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்து, இன்ஜினை முடுக்கிவிட்டு, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்த அமெரிக்க இளைஞர்கள் அதற்கு ஹாட் ராட் என்று பெயர் வைத்தார்கள். பினாங்கில் துறைமுகத்தில் பிட்டராக வேலை பார்த்த என் அப்பாவுக்கு அந்தப் பெயரே தெரியாது. 1986இல் அவரும் இரண்டு நண்பர்களும் வீட்டு வாசலில் இருந்த மாமரக் கிளையில் சங்கிலிக் கப்பியைக் கட்டி, மோரிஸின் 948 சிசி இன்ஜினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, விபத்தில் நசுங்கிய ஒரு 120ஒய்யின் 1171 சிசி இன்ஜினையும் கியர் பெட்டியையும் உள்ளே இறக்கினார்கள். முன் சக்கரங்களின் டிரம் பிரேக் போய், பிறை என்ற ஊரில் கார் உடைக்கும் இடத்தில் கிடைத்த ஏதோ ஒரு ஜப்பான் காரின் டிஸ்க் வந்தது. மோரிஸில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். டாட்சனின் ஆல்டர்னேட்டருக்காக அதையும் தலைகீழாக மாற்றி, கார் முழுவதற்கும் புதிதாக ஒயர் இழுத்தார். எல்லா ஒயரும் சிவப்பு. அவரிடம் இருந்தது ஒரு சுருள் சிவப்பு ஒயர்தான். இதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. மாற்றிய இன்ஜினின் எண் முறைப்படி கிராண்டில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், ஏறியிருக்கிறது, 20 வெள்ளியாக (ரிங்கிட்) இருக்க வேண்டிய ரோட் டேக்ஸை 1000 சிசியைத் தாண்டிய குற்றத்துக்காக 55 வெள்ளியாகக் கட்டி வருகிறோம்.

இந்தக் காரை ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். முன் வலது ஹோஸ் கசிகிறது, மாற்றித் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, “அண்ணே, பிரேக் ஆயில் பாட்டில் எங்க இருக்கு?” என்றார்கள். மோரிஸில், மிதியை மிதித்தால் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் பம்ப் ஓட்டுநரின் காலுக்குக் கீழே, சேசிஸ் சட்டத்துக்குள் இருக்கும். கம்பளத்தை விலக்கி, தரையில் இருக்கும் மூடியைத் திறந்துதான் எண்ணெய் ஊற்ற வேண்டும். நேரில் போய்க் காட்டினேன். அப்போது ஃபோர்மன் ஒரு யோசனை சொன்னார்: பம்பையும் கழற்றிப் பார்த்துவிடலாம், ஆனால் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் வெளியே வராமல் முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கிறது, எனவே சேசிஸில் ஓட்டை போட்டுவிடலாமா என்று கேட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் காரைத் தாங்கிக்கொண்டிருக்கும் சட்டத்தில் ஓட்டை! டோர்ஷன் பாரைத் தளர்த்தி நகர்த்தினால் போல்ட் வந்துவிடும். அரை நாள் வேலை. அரை நாள் வேலைக்கு அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. பம்பைத் தொட வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அவர்கள் மாற்றிக் கொடுத்த ஹோஸோடு மூன்று வாரம் ஓட்டினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பாயா தெருபோங் மேட்டில் ஏறி ரெலாவ் பக்கம் இறங்கும்போது பிரேக் மிதி தரைவரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. இந்தக் காலத்துக் கார்களில் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றாக இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். மோரிஸில் ஒரே சுற்று. ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் அம்போ. மூன்றாவது கியர், இரண்டாவது, முதல் என்று இறக்கி, கை பிரேக்கை இழுத்து, ஒரு பெரிய சாக்கடையின் விளிம்பில் நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. பேசியபோது சொன்ன முதல் சொல் “மைவி” என்பதுதான். இங்கே தெருவுக்குத் தெரு ஓடும் உள்ளூர்ச் சிறிய கார் அது.

வீட்டில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உடலிலிருந்து வரும் இரும்புக் குழாயின் நட்டு புதிய ஹோஸுக்குள் நுழையும் இடத்தில், தண்ணீர்க் குழாய் மாட்டுகிறவர்கள் சுற்றுவார்களே, அந்த வெள்ளை டேப்பை நான்கைந்து சுற்றுச் சுற்றியிருந்தார்கள். பிரேக் குழாயில்! பிரேக் குழாயின் விரிந்த வாய் அதற்கான இருக்கையில் இறுக உட்காருவதால்தான் கசிவு நிற்கிறது. மரையின் வேலை அதை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. டேப் ஏன் தேவைப்பட்டது என்றால், மோரிஸின் நட்டு எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.525 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. அவர்கள் வாங்கி மாட்டிய ஜப்பான் ஹோஸின் துளை 10 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விரலால் சுழற்றினால் நட்டு ஆடும், அந்த ஆட்டமே சொல்லிவிடும். அந்த ஆட்டத்தை உணர்ந்த கைதான் டேப்பை எடுத்திருக்கிறது; தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். இதற்குக் கூலி 180 வெள்ளி. கழற்றிய பழைய ஹோஸைக் கேட்டேன், குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். அதனால்தான் இடப்பக்கத்து ஹோஸை மாதிரிக்காகக் கழற்றிக்கொண்டு கடை கடையாக அலைந்தேன்.

கோபத்தில் ஒரு பங்கு அப்பாவுக்கும் உண்டு. என் அக்காவின் கல்யாணத்தில் யார் எத்தனை வெள்ளி மொய் எழுதினார்கள் என்பதை நோட்டுப் போட்டு எழுதி, இறக்கும்வரை அலமாரியில் பூட்டி வைத்திருந்த மனிதர், அந்த டிஸ்க் எந்தக் காரிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது, தலையோடு போயிற்று. எண்ணெய் நிலையத்தில் என்னைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்து, “அங்கிள், எவ்வளவுக்குக் குடுப்பீங்க?” என்று கேட்கும் பையன்களிடம் சில நாள்களில் விலை சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

ஆறாவதாக, சுங்கை பினாங்கு பக்கம் ஒரு சந்தில், பெயர்ப்பலகை மங்கிப்போன ஒரு சிறிய கடைக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர். கணினி இல்லை. பையை நானே திறப்பதற்குள் வாங்கி, ஹோஸை வெளிச்சத்தில் பிடித்து, சீப்பு மாதிரி இருக்கும் மரை அளவியை ஒரு முனையில் வைத்தார். “செப்புலோ, சாத்து” என்றார் மலாயில். பத்துக்கு ஒன்று. மறுமுனையைத் திருப்பினார்; வேறு இதழை எடுத்தார். “தீகா பெர் லாப்பான்.” எட்டில் மூன்று.

ஒரே ஹோஸில் இரண்டு முனைக்கும் இரண்டு வகை மரை. உடலில் மோரிஸின் குழாய்க்கு அங்குலம், சக்கரத்தில் ஜப்பான் டிஸ்க்குக்கு மில்லிமீட்டர். அப்பா அதைச் சொல்லிச் செய்து வாங்கியிருக்கிறார். உலகத்தில் எந்தக் காரின் பட்டியலிலும் அந்த ஹோஸ் இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு மாதம் அதைக் கையில் தூக்கிக்கொண்டு திரிந்த நானும் இரு முனையையும் அளந்து பார்க்கவில்லை என்பதை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னிடம் மரை அளவி இல்லை. ஐந்து கடைகளில் ஒன்றிலாவது அது இழுப்பறையில் கிடந்திருக்கும். பெரியவர் புதிய முனைகளை எடுத்து, பிரேக்குக்கான ரப்பர்க் குழாயை அளந்து வெட்டி, இயந்திரத்தில் வைத்து அழுத்தி, எண்ணெய் ஏற்றி அழுத்தம் பார்த்து, இரண்டு ஹோஸ்களைக் கையில் கொடுத்தார். எழுபது வெள்ளி. கடைசிவரை அவர் அது என்ன கார் என்று கேட்கவில்லை.

இப்போது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. நேற்றுக் காலை கிளட்சின் கீழ்ப் பம்ப் ஒழுகத் தொடங்கியது. அதன் உடலிலேயே 3/4 என்று வார்த்திருக்கிறது. வேண்டியது அந்த அளவில் ஒரு ரப்பர் வளையம், என் கட்டை விரலின் அகலம்கூட இருக்காது. பெரியவரின் கடை சீனப் பெருநாளுக்காகப் பதினைந்து நாள் அடைப்பு என்று சிவப்புத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறது. நாளைக்கு அந்த ஐந்து கடைகளில் ஏதாவது ஒன்றுக்கு மறுபடியும் போயாக வேண்டும். பம்பைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். என்ன காடி என்று கேட்டால் இந்த முறை மைவி என்றே சொல்லப் போகிறேன்.