கேள்வி நேரத்தைக் குறைக்காதீர்கள்
வெளியுறவுக் கொள்கை நிபுணர்களின் வேலை, அதைப் பற்றிப் பொதுமக்களுக்கு எதற்கு உரைத்தொடர் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு இது ஒப்பவில்லை. மூன்று வருடமாக நூலக அரங்கில் இப்படிப்பட்ட உரைகளைக் கேட்டு வருகிறேன்.

ஒருநாள் ஐ.நா. பாதுகாப்பு அவை பற்றிய பேச்சு. மொத்தம் 15 நாடுகள், தீர்மானம் நிறைவேற 9 வாக்குகள் வேண்டும். ஆனால் 5 நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் எதிர்த்தாலும் போச்சு (நடைமுறை விஷயங்கள் மட்டும் விலக்கு). பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, "அந்த ஐந்து பேரில் ஒருத்தரே சண்டைக்குப் போனால் யார் தட்டிக் கேட்பது?" என்றார். பேச்சாளர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டார். அப்புறம் முக்கால் மணி நேரம் அந்த ஒரே கேள்விதான். 1950இல் வந்த 'அமைதிக்காக ஒன்றிணைதல்' தீர்மானப்படி விஷயத்தை எல்லா உறுப்பு நாடுகளும் இருக்கிற ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோகலாம், அங்கே வீட்டோ (ஒரே நாடு தடுத்துவிடும் அதிகாரம்) கிடையாது, ஆனால் பொதுச்சபை பரிந்துரைக்கத்தான் முடியும் என்பதெல்லாம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவில் 1954இல் தொடங்கிய 'கிரேட் டெசிஷன்ஸ்' என்ற வெளியுறவு விவாதக் குழுக்களில் முன்கூட்டியே படித்துவிட்டு வந்துதான் விவாதிக்கிறார்கள். ஏற்பாட்டாளர்கள் அதைப் பின்பற்றலாம். உரையை அரை மணியில் முடித்துவிட்டு, மீதி நேரத்தைக் கேட்பவர்களிடம் விடுங்கள்.