நல்லாசிரியர் விருதுக் கோப்பில் வகுப்பறையைக் காணோம்

கல்லூரிகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சுற்றறிக்கை வரும். "தேசிய ஆசிரியர் விருதுக்குத் தகுதியானவர்களின் விவரங்களை நாளை மாலை ஐந்து மணிக்குள் முதல்வர் அலுவலகத்தில் ஒப்படைக்கவும்." துறைத்தலைவர் யாரையாவது கூப்பிட்டுச் சொல்வார்: "மேடம், உங்க சி.ஏ.எஸ். ஃபைல் ரெடியா இருக்குமே, அதையே கொஞ்சம் மாத்திக் குடுத்துடுங்க." பரிந்துரை அத்தோடு முடிந்தது. பதவி உயர்வுக்காகத் தயாரித்த கோப்பு, அட்டை மட்டும் மாறி விருதுக்குப் போகிறது. ஸ்கோபஸ் (ஆய்விதழ்த் தரவுத்தளம்) பட்டியலில் உள்ள கட்டுரை இத்தனை, காப்புரிமை இத்தனை, எஃப்.டி.பி. எனும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிச் சான்றிதழ் இத்தனை. கற்பித்தலைப் பற்றி? "மாணவர் மையக் கற்பித்தலில் ஆர்வம் கொண்டவர்" என்று ஒரே ஒரு வரி.

தேர்வுக்குழு சரியில்லை, சிபாரிசு இருந்தால்தான் நடக்கும் என்று புலம்புவது சுலபம். சிபாரிசே கிடையாது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நாம் அனுப்பும் கோப்புகளை ஒரு நடுவரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். இவர் பாடம் நடத்துகிறவரா இல்லையா என்பதற்கே அதில் ஆதாரம் இருக்காது.

முதலில் விதிகள். 1958 முதல் பள்ளி ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்டு வரும் தேசிய விருது, 2023-ல் கல்லூரி, பல்கலைக்கழக, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் விரிந்தது. அந்த ஆண்டு விருது பெற்ற 75 பேரில் உயர்கல்வித் தரப்பிலிருந்து 13 பேர். 2024-ல் 82 பேரில் 16 பேர். செப்டம்பர் 5 அன்று சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். உயர்கல்விப் பிரிவுக்கு நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும், இளநிலை அல்லது முதுநிலை வகுப்புகளில் குறைந்தது ஐந்தாண்டு முழுநேரக் கற்பித்தல் அனுபவம் வேண்டும், 55 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. துணைவேந்தர், இயக்குநர், முதல்வர் பதவியில் இருப்பவர்களுக்கு இடமில்லை; பொறுப்பு முதல்வருக்கும் கிடையாது. விண்ணப்பம் ராஷ்ட்ரிய புரஸ்கார் போர்ட்டல் வழியாக மட்டும். நிபந்தனைகளில் சிறு மாற்றங்கள் வரலாம் என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த "நிரந்தரப் பணி" என்ற ஒரே சொல்லில் தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் பாடச் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும், நிரந்தரப் பணியில் இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் அத்தனை பேரும் வெளியே நின்றுவிடுகிறார்கள். இது நியாயமே இல்லை. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தங்கள் அளவில் தரும் விருதுகளிலாவது இந்த நிபந்தனையைத் தூக்கலாம். அதற்கு டெல்லி அனுமதி தேவையில்லை.

மதிப்பீட்டு அளவுகோல்களில் ஆய்வும் உண்டு, நிதிபெற்ற திட்டங்களும் ஆலோசனைப் பணியும் உண்டு. ஆனால் அதிக எடை கற்றல்-கற்பித்தல் திறனுக்கும் சமூகத்தை எட்டும் பணிகளுக்கும்தான் என்று அறிவிப்பே சொல்கிறது. நாமோ குறைந்த எடை உள்ள பகுதிக்கு நாற்பது பக்கமும் அதிக எடை உள்ள பகுதிக்கு அரைப் பக்கமும் எழுதி அனுப்புகிறோம். கட்டுரைப் பட்டியல் கையில் தயாராக இருக்கிறது, வகுப்பறைக்கான ஆதாரத்தை யாரும் சேர்த்து வைக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்த அரைப் பக்கத்துக்குப் பதிலாக என்ன இருக்க வேண்டும்? கற்பனையாக ஒரு எடுத்துக்காட்டு. இரண்டாம் ஆண்டு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பு. லிங்க்டு லிஸ்டில் (ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டியின் முகவரியை வைத்திருக்கும் தகவல் சங்கிலி) ஒரு நோடை, அதாவது ஒரு பெட்டியை, நீக்கும் புரோகிராமை எல்லோரும் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். எந்த பாயின்டரை (முகவரிக் குறிப்பை) முதலில் மாற்ற வேண்டும், ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். நோடை முதலிலேயே விடுவித்துவிட்டால் அடுத்த நோடின் முகவரி தொலைந்துபோகும் என்பது கண்ணில் படாது. ஆசிரியர் என்ன செய்தார்? கணினியைத் தொடும் முன் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெட்டிப் படம் தாளில் வரைய வைத்தார். முதல் வாரம் பத்து நிமிடத் தேர்வு, ஆறாம் வாரம் அதே வகையில் வேறு கேள்வி. 58 பேரில் முதலில் சரியாகச் செய்தவர்கள் 11, பிறகு 43. மீதி 15 பேருக்கு என்ன சிக்கல், அவர்களுக்கு என்ன செய்தார் என்று இன்னும் இரண்டு வரி. கூடவே இரண்டு விடைத்தாள்களின் நகல், பெயரும் பதிவெண்ணும் மறைத்து. பிரச்சினை, செய்தது, விளைவு, மிச்சம் நான்கும் சேர்ந்து ஒரு பக்கம். இப்படி மூன்று பக்கம் போதும், நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

அந்த 15 பேரை மறைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை.

தேர்ச்சி சதவீதத்தைத் தனியாகத் தூக்கிக் காட்டுவதும் பயனில்லை. 68 சதவீதம் 91 ஆனதற்கு ஆசிரியர் காரணமாக இருக்கலாம்; ரெகுலேஷன் (பாடத்திட்ட, தேர்வு விதிகள்) மாறியிருக்கலாம்; கேள்வித்தாள் எளிதாக இருந்திருக்கலாம்; இன்டர்னல் மார்க்கின் பங்கு கூடியிருக்கலாம். அதே செமஸ்டரில் அதே பாடத்தை எடுத்த மற்ற பிரிவுகளையும் பக்கத்தில் வையுங்கள். இன்டர்னலைத் தனியாகவும் வெளி மதிப்பீட்டைத் தனியாகவும் காட்டுங்கள். ஒன்று ஏறி மற்றது ஏறவில்லை என்றால் நடுவருக்குச் சொல்லாமலே விளங்கும். இருபது பேர் உள்ள முதுநிலை வகுப்புக்குச் சதவீதமே போடாதீர்கள், தலைக்கணக்கு போடுங்கள்.

மாணவர் ஃபீட்பேக் மதிப்பெண்ணையும் பார்த்துக் கையாள வேண்டும். ஐந்துக்கு 4.8 என்று மட்டும் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. எத்தனை பேரில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள், ஹால் டிக்கெட் தரும் முன் கட்டாயமாக வாங்கியதா, பெயர் தெரியாதபடி வாங்கியதா? இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் இணையவழி வகுப்பை வைத்து நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், பாடம் நடத்தியவர் யாராக இருந்தாலும், ஆண் பெயரில் வந்தபோது மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஃபீட்பேக் வரிசையில் முதலிடம் பிடித்தவரை அப்படியே பரிந்துரைக்கும் துறைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கறாராக விடைத்தாள் திருத்துகிறவரும் கடினமான பாடம் எடுக்கிறவரும் அந்த வரிசையில் கீழேதான் கிடப்பார்கள்.

மாணவர் கடிதங்கள்தான் கோப்பின் பலவீனமான பகுதி. பத்துக் கடிதம், பத்திலும் ஒரே தேதி, பத்திலும் "அம்மாவைப் போன்றவர்", "எங்கள் ரோல் மாடல்". இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பற்றி அவருடைய மாணவரிடமே கடிதம் கேட்பது முறையும் இல்லை, எடுபடவும் எடுபடாது. படிப்பை முடித்து இரண்டு முதல் ஐந்து வருஷம் ஆனவர்களிடம் கேளுங்கள். கேட்பது துறைத்தலைவராகவோ பரிந்துரைக்கும் சக ஆசிரியராகவோ இருக்கட்டும், விருதுக்கு உரியவர் வேண்டாம். "அவரைப் பற்றி எழுதுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் புகழ்மாலைதான் வரும். எந்த வகுப்பு இன்னும் நினைவிருக்கிறது, அதற்கு முன் செய்ய முடியாத எதை அதற்குப் பின் செய்ய முடிந்தது, வேலையிலோ மேற்படிப்பிலோ அது எங்கே உதவியது என்று மூன்றே கேள்வி கேளுங்கள். தங்கப் பதக்கம் வாங்கியவரிடம் மட்டும் போகாமல், அரியர் வைத்து அப்புறம் தேறியவர் ஒருவரிடமும் கேளுங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர் தமிழிலேயே எழுதட்டும். கடிதத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்கள். நாலு நல்ல கடிதம் போதும்.

சக ஆசிரியர் வகுப்பில் உட்கார்ந்து எழுதிய குறிப்பு நம் கோப்புகளில் அநேகமாக இருப்பதே இல்லை. செலவில்லாத ஆதாரம் இது. கோபஸ் (COPUS) என்று 2013-ல் வந்த ஒரு வகுப்பறைக் கவனிப்பு முறை இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறியிட்டுக்கொண்டே போவது. நன்றாக இருந்தது, இல்லை என்ற தீர்ப்பே அதில் கிடையாது. ஒரு செமஸ்டரில் மூன்று முறை, வெவ்வேறு வகுப்புகளில் செய்தால், மாணவர்கள் எவ்வளவு நேரம் வெறுமனே குறிப்பெடுத்தார்கள், எவ்வளவு நேரம் தாங்களே கணக்குப் போட்டார்கள் என்பது தாளில் வந்துவிடும். முன்னறிவிப்போடு ஒரே ஒரு முறை போனால் நாடகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

சமூகப் பணி என்ற தலைப்பின் கீழ் மரம் நட்ட புகைப்படம் வேண்டாமே. பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஆய்வகத்தைத் திறந்துவிட்டாரா, எத்தனை சனிக்கிழமை, எந்த வகுப்புப் பிள்ளைகள், என்ன சோதனை செய்தார்கள் என்று எழுதுங்கள்.

அடுத்தது, யாரைப் பரிந்துரைப்பது. பெரும்பாலான துறைகளில் சீனியாரிட்டிதான் விதி. "இந்த வருஷம் உங்க முறை சார்." பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டுக்குக் கணிதமும் இயற்பியலும் ஆங்கிலமும் எடுக்கிறவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. அவர்களிடம் படித்த பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் வேறு துறைக்குப் போய்விடுவார்கள்; நன்றி சொல்லவும் ஆள் இருக்காது. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். கற்பிக்கும் நேரம் அதிகம் யாருக்கோ விருதில் வாய்ப்பு குறைவு அவருக்கு. பரிந்துரைக் கூட்டத்தில் துறைகளின் பட்டியலோடு முதலாண்டுப் பாடங்களின் பட்டியலையும் மேசையில் வையுங்கள்.

வெளிநாட்டில் எப்படி என்றும் பார்க்கலாம். பிரிட்டனில் உயர்கல்வி ஆசிரியர்களுக்கான விருதான தேசியக் கற்பித்தல் ஃபெல்லோஷிப் 2000-ல் தொடங்கியது. அங்கே ஒரு நிறுவனம் மூன்று பேர் வரைதான் முன்மொழியலாம், ஆண்டுக்கு அதிகபட்சம் 55 விருது. அதனால் உள்ளேயே ஒரு கடுமையான சல்லடை நடக்கிறது. ஆசிரியரின் பணி எத்தனை பேரை எட்டியது, அவர்களுக்கு அதனால் என்ன பயன், என்ன மாறியது என்று ஆதாரத்தை மூன்று கோணத்தில் பார்க்கிறார்கள். 2016 முதல் குழுவுக்கென்றே தனி விருதும் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது மிகவும் தேவை. நாலு பேர் சேர்ந்து எழுதிய ஆய்வகக் கையேடு ஒருவருடைய கோப்பில் "நான் உருவாக்கினேன்" என்று ஏறுவதும், மற்ற மூவரும் பேச்சை நிறுத்துவதும் துறைகளில் அடிக்கடி நடப்பதுதான். குழு விருது வரும்வரை, யாருடைய பங்கு எது என்று கோப்பிலேயே ஒரு வரி எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பதிவுக் கட்டணம் கட்டினால் "சிறந்த பேராசிரியர்" சான்றிதழும் கேடயமும் கூரியரில் அனுப்பும் கம்பெனிகள் இப்போது மின்னஞ்சலை நிறைத்துவிட்டன. அவற்றைக் கோப்பில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதில் ஒன்றைப் பார்த்தாலே மற்ற நல்ல ஆதாரங்களின் மீதும் நடுவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வேலையைச் செமஸ்டர் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். முதல் வாரத் தேர்வுத்தாள்களை ஸ்கேன் செய்து வைக்க அப்போதுதான் முடியும். அறிவிப்பு வந்த பிறகு அவை பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். எழுதும் பொறுப்பை விருதுக்கு உரியவர் தலையில் கட்டாமல் துறையில் இரண்டு பேர் எடுத்துக்கொள்ளட்டும். வேறு துறைக்காரர் ஒருவர் படித்துப் புரியவில்லை என்று சொல்லும் இடங்களைத் திருத்துங்கள். ஆதார், பணிப்பதிவேடு, சான்றிதழ் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில் நம் ஆட்களுக்கு எப்போதும் தகராறுதான். கடைசி நாளில் போர்ட்டல் நகராது, நாலு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த வருஷத்துக்கு ஒரு புதிய பேட்சின் ஆதாரத்தைச் சேர்த்து, பலவீனமான பகுதியை மாற்றி மறுபடி அனுப்புங்கள். தகுதியானவர்கள் இரண்டு பேர் இருந்து ஒருவருக்கு 53 வயது, மற்றவருக்கு 41 என்றால், 53 வயதுக்காரரை முதலில் அனுப்புங்கள். 41 வயதுக்காரரின் கோப்பையும் இதே செமஸ்டரில் திறந்துவிடுங்கள்.