அந்த அம்மாவிடமிருந்து மைக்கை ஏன் வாங்கினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நடந்த காவல்துறை – பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டத்தின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால், நடந்ததை முழுவதுமாக விவரிக்கப் போவதில்லை. நாற்பது நிமிடங்கள் எங்களுக்கு அறிவுரை சொன்னார்கள். சந்தேகத்துக்கு இடமாக யாராவது நடமாடினால் தகவல் கொடுங்கள், வாசலில் கேமரா பொருத்துங்கள், வெளியூர் போவதாக இருந்தால் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார்கள். எல்லாம் நல்ல அறிவுரைதான். பிறகு கேள்வி கேட்கச் சொன்னார்கள். மூன்றாம் வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்து, நான்காக மடித்து வைத்திருந்த மனு ரசீதைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, பதினொரு மாதத்துக்கு முன் கொடுத்த புகார் என்ன ஆயிற்று என்று கேட்டார். "இது நல்லுறவுக் கூட்டம்மா, புகார்க் கூட்டம் இல்ல" என்று பதில் வந்தது. அவர் கையில் இருந்த மைக்கையும் வாங்கிவிட்டார்கள். அன்று மாலை வெளியான புகைப்படத்தில் காவலர்களும் பொதுமக்களும் கைகோத்து நிற்கிறார்கள். அதில் அந்த அம்மா இல்லை.

காவல்துறையினரே, நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். தகவல் எங்களிடமிருந்து உங்களுக்கு வர வேண்டும், உங்களிடமிருந்து எங்களுக்கு ஒரு வார்த்தைகூட வராது என்றால், அதை நல்லுறவு என்று அழைக்காதீர்கள். சம்பளம் இல்லாமல் ஆள் வைத்துத் துப்புச் சேகரிப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இந்தப் பாடத்தை உலகம் முன்பே படித்திருக்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் நகரில் 1972, 73-ஆம் ஆண்டுகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில பகுதிகளில் ரோந்து வாகனங்களை இரண்டு, மூன்று மடங்காக்கினார்கள், சில பகுதிகளில் வழக்கமான ரோந்தையே நிறுத்தினார்கள். குற்றங்களின் எண்ணிக்கையிலும் மக்களின் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பின்னர் நியூவர்க் நகரில் காவலர்களை நடந்தே ரோந்து போகச் செய்தபோது, குற்றம் குறையாவிட்டாலும் மக்களின் பயம் குறைந்தது, காவலர்கள் மீதான மதிப்பும் உயர்ந்தது. சிகாகோவில் 1993-இல் தொடங்கிய திட்டம் நகரம் முழுவதும் 279 பீட்களாக, அதாவது காவலர்கள் சுற்றிவரும் சிறு பகுதிகளாக, விரிந்தது. அந்தந்தப் பகுதி மக்களும் பீட் காவலர்களும் கூடிப் பேச வேண்டும், சென்ற கூட்டத்தில் எழுந்த பிரச்சினைக்கு என்ன செய்யப்பட்டது என்பதும் அங்கே பேசப்பட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஜப்பானில் 'கோபன்' என்னும் சிறு காவல் சாவடிகளின் காவலர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசுவதோடு, அந்த வட்டாரத்தில் நடக்கும் குற்றங்களைப் பற்றிய சிறு செய்தித்தாளையும் அச்சிட்டு வழங்குகிறார்கள். சாவடியிலிருந்து வீட்டுக்கும் செய்தி வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1981 ஏப்ரலில் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில், உள்ளூர் மக்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் சாதாரண உடைக் காவலர்களை இறக்கி, சில நாள்களுக்குள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரை நிறுத்திச் சோதித்தார்கள். அந்த வாரத்திலேயே கலவரம் வெடித்தது. அதை விசாரித்த ஸ்கார்மன் பிரபு, மக்களைக் கலந்து பேசாததைத் தம் அறிக்கையில் கடுமையாகக் குறிப்பிட்டார். மக்களின் கருத்தைக் கேட்பதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1984-இல் அங்கே சட்டமே வந்தது.

இனி என் கதை. ஆறு ஆண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த வீட்டில் இரவு நேரத்தில் போதைப்பொருள் கைமாறுவதைப் பார்த்து, நிலையத்துக்குப் போன் செய்தேன். பெயரும் முகவரியும் கேட்டார்கள், கொடுத்தேன். மறுநாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாசல் கதவை ஒருவன் தட்டினான். "நீங்கதானே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணது?" என்று மிக மரியாதையாகக் கேட்டான். அவ்வளவுதான், போய்விட்டான். என் அம்மா அதற்குப் பிறகு பின்பக்க ஜன்னலை இரண்டு ஆண்டுகள் திறக்கவில்லை. என் பெயர் எப்படி வெளியே போனது என்று கேட்டு நான் கொடுத்த மனுவுக்கு இன்று வரை பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை "தகவல் கொடுங்கள்" என்று மேடையிலிருந்து சொன்னபோது, எனக்கு அந்தக் கதவு தட்டும் சத்தம்தான் கேட்டது.

நான் காவல்துறைக்கு எதிரானவன் என்று இப்போதே சிலர் எழுதத் தொடங்கியிருப்பார்கள். என் தாய்மாமன் முப்பத்திரண்டு ஆண்டுகள் காவலராக இருந்தவர். இரவுப் பணி முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது அவர் கால் வீங்கியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சட்டைப் பையில் ஒரு சிறிய நோட்டு வைத்திருப்பார். திருட்டுப் போன வீடுகளின் பெயர்களை அதில் எழுதி, பதினைந்து நாளைக்கு ஒரு முறை அந்த வீடுகளுக்குப் போய், "இன்னும் கிடைக்கல, தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வருவார். பொருள் கிடைக்காத வீட்டுக்காரர்களும் அவர் இறந்தபோது வந்து நின்றார்கள். அந்த ஒரு வரியைத்தானே அந்த அம்மாவும் கேட்டார்?

ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. நாற்பது நிமிடம் பேச ஆள் இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். விசாரணை விவரங்களை வெளியே சொல்ல முடியாது என்ற வாதம் நியாயமானது. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். சாட்சி யார், அடுத்து எங்கே சோதனை என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. வழக்குப் பதிவாகியிருக்கிறதா, விசாரிக்கும் அதிகாரி யார், கோப்பு உயிரோடு இருக்கிறதா என்று சொல்வதில் எந்த ரகசியமும் கெட்டுப் போகாது. தகவல் கொடுத்த என் பெயரைக் காப்பாற்ற முடியாத இடத்தில், புகார் கொடுத்தவருக்கே அவர் புகாரின் நிலையைச் சொல்லாமல் ரகசியம் காப்பாற்றுகிறார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மக்கள் மட்டும் ஒழுங்கா? சாட்சி சொல்ல ஒருவரும் வருவதில்லையே" என்கிறார் நண்பர் ஒருவர். வருவதில்லைதான். நானும் இனி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்த நிலைக்கு என்னைக் கொண்டு வந்தது யார் என்று அவர் ஒரு முறை கேட்டிருக்கலாம். கேட்காதது வலிக்கிறது, அவர் என் வாசல் கதவைத் தெரிந்தவர்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. என் அம்மா போக வேண்டாம் என்கிறார். நான் போவேன். மனு ரசீதின் எண்ணை அந்த அம்மாவிடமிருந்து வாங்கி எழுதி வைத்திருக்கிறேன். கேள்வி நேரம் வரும்போது அந்த எண்ணைத்தான் முதலில் வாசிப்பேன்.