ஒரே பாம்புதாங்க, ரெண்டு இல்லை

தனித்தனியாகப் பதில் போட்டு விரல் தேய்ந்துவிட்டது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பாம்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் இருந்ததும் அதே பாம்பு. நடுவில் எதுவும் தப்பி ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த ஜோடி போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் சாம்பல் உடம்பில் கருந்திட்டு போட்ட குட்டி. வலது பக்கம் தார் ரோடு மாதிரி கருப்பாக ஒன்று. கீழே "முதல் பாம்பு எங்கே?" என்று சிவப்பு எழுத்தில் கேள்வி. இரண்டு போட்டோவும் நான் போட்டதுதான். எவ்வளவு வளர்ந்துவிட்டது பாருங்கள் என்று ஆசையாகப் போட்டேன். அதையே எடுத்து ஒட்டி என்னிடமே துப்புத் துலக்குகிறார்கள்.

எதிர்வீட்டு அஜ்ஜி பயந்துபோய் கன்னடத்தில் "எரடு ஹாவு இதெயா?" (இரண்டு பாம்பு இருக்கா?) என்று கேட்டார். அவர் மேல் எனக்குத் துளி வருத்தம் இல்லை. தெரியாமல் கேட்டார், சொன்னேன், காபி கொடுத்து அனுப்பினார். தெரிந்துகொள்ளவே மாட்டேன் என்று நிற்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

எங்கள் பாம்புக்குப் பெயர் சாம்பல், அமெரிக்க இனம். பிளாக் ராட் ஸ்நேக் என்பார்கள். (அந்தப் பெயர் மகள் வைத்தது. பெயர் சாம்பல், ஆள் கருப்பு, அது அவள் தப்பில்லை.) முட்டையிலிருந்து வரும்போது இந்த இனத்துக் குட்டி எல்லாமே வெளிர்சாம்பல்தான், முதுகு நெடுகக் கருந்திட்டுகள். ஒரு அடி நீளம் இருக்கும். முதல் வருடத்திலேயே திட்டுகளுக்கு நடுவில் இருக்கிற சாம்பல் மங்கத் தொடங்கும். கருப்பு நிறமி கூடிக்கூடி இரண்டு மூன்று வருடத்தில் முதுகு முழுக்க மூடிவிடும். தாடைக்கு அடியில் மட்டும் வெள்ளை தங்கும். ராத்திரியோடு ராத்திரியாக நடப்பதில்லை. மகள் மாதாமாதம் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து நோட்டில் ஒட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைக் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். ஒருவரும் புரட்டவில்லை.

இதே சாதியில் மஞ்சள் ஒன்று இருக்கிறது, ஃபுளோரிடாப் பக்கம். குட்டியில் அதுவும் சாம்பல் திட்டுதான். வளர்ந்தால் மஞ்சள் உடம்பில் நான்கு கருங்கோடு. வியட்நாமில் மூக்கு நுனியில் கொம்பு வைத்த ஒரு ராட் ஸ்நேக் உண்டு. அது சாம்பலாகப் பிறந்து பச்சையாக மாறும். அதையெல்லாம் இந்தக் குடியிருப்பில் வளர்த்தால் என்னைக் கடத்தல்காரன் என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

அத்தாட்சி வேண்டுமா? வால் நுனியைப் பாருங்கள். குட்டியாக இருந்தபோது ஒருமுறை சட்டை சரியாகக் கழலாமல் வால் நுனியில் சுற்றிக்கொண்டது. நான் புதுசு, கவனிக்கவில்லை. இரத்த ஓட்டம் நின்று நுனி காய்ந்து விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சாம்பலுக்கு மொட்டை வால். இடது போட்டோவிலும் மொட்டை, வலது போட்டோவிலும் மொட்டை. பெரிதாக்கிப் பார்க்க இரண்டு விரல் போதும். இன்னொன்று, எலி தின்ற மறுநாள் வயிறு உப்பியிருக்கும்போது செதில்களுக்கு நடுவே தோல் விரியும். அப்போது பழைய திட்டுகள் கருப்புக்குள்ளே மங்கலாகத் தெரியும். எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருக்கின்றன.

சங்க அறையில் 2009 திறப்புவிழா போட்டோ மாட்டியிருக்கிறது. அதில் நம் செயலாளருக்குத் தலை நிறையக் கருகருவென்று முடி. அந்த ஆள் எங்கே போனார் என்று நான் ஒருநாளாவது கேட்டேனா?

"பாம்பை வீட்டில் வளர்ப்பதே தப்பு, அதைப் பற்றிப் பேசு" என்று சிலர் வருவீர்கள். வாருங்கள். நம் ஊர்ச் சாரை, நாகம் எதையும் வீட்டில் வைக்கக் கூடாது, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, வைத்தால் நானே புகார் கொடுப்பேன். இது வெளிநாட்டு இனம், கூண்டிலேயே பொரித்த குட்டி, வாங்கிய காகிதம் இருக்கிறது. ஆனாலும் ஒரு உயிரைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது சரியா என்று கேட்டால் எனக்கும் அது உறுத்தும் கேள்விதான். இன்னொன்று வாங்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லையே. முதல் பாம்பு எங்கே என்றுதானே கேட்டீர்கள்?

"நிறம் மாறும் பாம்பு வீட்டுக்கு ஆகாது" என்றவருக்குப் பதில் இல்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் பாட்டி, மஞ்சச்சாரை வேறு, கருஞ்சாரை வேறு என்று கணக்கு வைத்திருந்தாள். மஞ்சச்சாரை மாட்டு மூக்கில் வாலை விட்டுக் கொல்லும் என்பாள். எல்லாம் ஒரே சாரைதான், மஞ்சளிலிருந்து கருப்புவரை அதற்கு நிறம் உண்டு என்று நான் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வரப்பில் ஒன்று வெளுப்பாக, ஒன்று கருப்பாக இரண்டு பின்னிக்கொண்டு எழும்பினால் சாரையும் நாகமும் பிணைகிறது என்று ஊரே கும்பிடும். இரண்டும் சாரை, அதிலும் இரண்டும் ஆண், சண்டை போடுகின்றன. நிறம் வேறானால் இனம் வேறு என்று கண் முடிவு செய்துவிடுகிறது. பாட்டிக்குப் போனும் இல்லை, கூகுளும் இல்லை. அவளை மன்னிக்கலாம்.

போன வருடம் மழை பிடித்த சமயம் நம் பார்க்கிங்கில் ஒரு குட்டியை அடித்துப்போட்டது நினைவிருக்கிறதா? கட்டுவிரியன் என்று குரூப்பில் கைதட்டல் பொம்மையாகப் போட்டீர்களே. நான் இறங்கி வந்தபோது துடைப்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒன்றரை அடிகூட இல்லை. முன்னுடம்பில் வெளிர்ப்பட்டைகள், பெரிய வட்டக் கண், உதட்டுச் செதில்களுக்கு நடுவில் பேனாவால் கீறியது போலக் கருங்கோடுகள். இந்த ஊர்க்காரர்கள் கேரே ஹாவு என்கிற அதே சாரையின் குட்டி, விஷமே இல்லாதது. வளர்ந்தால் அந்தப் பட்டை மங்கிப்போகும், நம் குப்பைத் தொட்டி எலிகளைத் தின்னும். வளர விட்டால்தானே. அன்றும் சொன்னேன், குட்டிக்கு நிறம் வேறு என்று. "சரி சார், விடுங்க, பாம்பு பாம்புதானே" என்றார்கள். அன்றைக்குப் பாம்பு பாம்புதான். இன்றைக்கு என் வீட்டுப் பாம்பு மட்டும் இரண்டா?

அப்படிச் சொன்ன மூன்றாவது மாடிக்காரர்தான் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக எழுந்து கேட்டவர். இரண்டு வருடத்துக்கு முன் அவர் பால்கனிப் பூந்தொட்டிக்குப் பின்னால் நாகம் நுழைந்தபோது ராத்திரி பதினொன்றுக்கு "அண்ணா, அண்ணா" என்று கதவைத் தட்டினார். மீட்புக்காரர் கே.ஆர்.புரம் நெரிசலைத் தாண்டி வந்து சேரும்வரை டார்ச்சை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இப்போது குரூப்பில் நான் "அந்தப் பாம்பு வீட்டு ஆள்". அண்ணாவும் நிறம் மாறிவிட்டார்போல.

இரண்டு நாளாக நான் ஏறினால் லிஃப்ட் காலியாகிறது. மகளோடு விளையாட வரும் பையன் வரவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை, நோட்டை மட்டும் எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். அது எனக்குக் கூட்டத்தைவிட அதிகமாக வலித்தது, சொல்லிவிடுகிறேன்.

சாம்பலுக்கு நேற்றிலிருந்து கண் பால் பூத்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் சட்டை உரிக்கும். சந்தேகம் தீராதவர்கள் வாருங்கள், உரித்த சட்டையைக் கையிலேயே தருகிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிறமி இருப்பது அடியில் உயிருள்ள தோலில். உரித்த சட்டை கண்ணாடிக் காகிதம் மாதிரி வெளுத்துத்தான் இருக்கும். அதையும் போட்டோ எடுத்து "மூன்றாவது பாம்பு" என்று கிளம்பிவிடாதீர்கள்.